ராஜா கொடுத்த இரத்தம்

கண்டியில் மிருக வைத்தியசாலை நடத்துகிறேன். ஒருநாள் புசல்லாவையிலிருந்து ஒரு அம்மா, உண்ணிக் காய்ச்சலில் துவண்டுபோன நாயை மடியில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்தார். அதன் ஈறு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது. உடனே இரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்காது. நாய்களுக்கு இரத்த வங்கி ஏது?

தன் நாய்க்குத் தடுப்பூசி போட வந்திருந்த தெல்தெனிய ஊர் டீச்சர் எழுந்தார். "எங்க ராஜாகிட்ட எடுங்க டொக்டர்."

ராஜாவா! வாய்ப்பூட்டு இல்லாமல் அவனை நான் தொட்டதே இல்லை. டீச்சரோ அதைக் கழற்றிவிட்டு, அவன் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டார். கழுத்தில் ஊசி ஏறியும் அந்த முரடன் அசையவில்லை. எதிரே கிடந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் இரத்தம் ஏற ஏற, அந்த வெள்ளை ஈறு மெல்லச் சிவந்தது. வால் லேசாக ஆடியது.

இன்றும் ராஜா என்னைக் கண்டால் உறுமுகிறான். நான் எழுந்து நின்றுதான் அவனை வரவேற்கிறேன்.