நைலானையும் கொளுத்திக் காட்டுங்கள்

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு வாங்க வருகிறவர் சந்தேகப்பட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. புடவை ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் கொளுத்திக் காட்டுவார். முடி கருகும் வாடை வரும். சாம்பலை நசுக்கினால் தூளாகும். அசல் பட்டுக்கு அதுதான் அத்தாட்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் அதே கடைகளின் முன்வரிசைக்கு நைலான் வந்தது. அதை யாரும் கொளுத்திப் பார்க்கவில்லை. கசங்காது, அலசி உதறினால் காய்ந்துவிடும் என்றார்கள். உண்மைதான். கஞ்சி போட்டுக் களைத்த கை என்னுடையது. பட்டு நெய்கிற வீட்டுப் பெண்களே அதைத்தான் கேட்டார்கள். என் மகளுக்கும் ரோஜா நிறத்தில் ஒரு தாவணி எடுத்தேன்.

அந்த வருடம்தான் எங்கள் சமையலறையில் விறகடுப்பு போய் பம்ப் ஸ்டவ் வந்தது. ஒருநாள் காலை பால் பொங்குகிறதென்று மகள் குனிந்தாள். தாவணி பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். தீ அணைந்த பிறகும் அவள் அலறல் நிற்கவில்லை. துணி உருகி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலோடு ஒட்டியிருந்தது. டாக்டர் அதை உரித்தெடுக்கும்போது நான்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: பொண்ணு ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். துணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பொங்கல் கூட்டம் தொடங்கியதும் தாவணி வாங்கிய கடைக்குப் போனேன். ஒரு தாயும் மகளும் நைலான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இதுல ஒரு நூலு கொளுத்திக் காட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "இன்னாமா நீங்க, இது பட்டு இல்லன்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். இதைப் போய் யாருனா கொளுத்துவாங்களா?"

"பட்டான்னு கேக்கல. எரிஞ்சா இன்னா ஆவும்னு இவங்க பாக்கட்டும்."

"யாவார நேரத்துல வம்பு பண்ணாதீங்கமா. உங்க பொண்ணு அடுப்பாண்ட பாத்து நின்னிருந்தா..."

அவர் முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. எரியாமல் மிஞ்சிய தாவணித் துண்டு என் பையில் இருந்தது. கொண்டை ஊசியில் குத்திப் பற்ற வைத்தேன். அது சுருண்டு, உருகி, கடைப் பலகைமேல் சொட்டியது. அந்தத் தாயோடு வந்திருந்த பெண் ஆறிய சொட்டை நகத்தால் சுரண்டினாள்.

"அய்யே, ஒட்டிக்கினு வரவே மாட்டேங்குதுமா!"

தாய் எழுந்துவிட்டாள். மகள் எழவில்லை. "எனக்கு இதான் வேணும். அடுப்பாண்ட போறப்ப நூல் தாவணி கட்டிக்கிறேன்."

"எடுத்துக்கோ கண்ணு. தெரிஞ்சு எடுத்துக்கோ" என்றேன்.

"யாவாரத்தைக் கெடுக்க வந்து நீங்களே வித்துட்டீங்களேமா, கமிஷன் வேணுமா?" என்றார் கடைக்காரர். உடனே முகம் மாறி, இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்றார்.

போகிறேன். பண்டிகைக்குப் பண்டிகை போகிறேன். பலகையில் அந்தச் சொட்டு அப்படியே இருக்கிறது. அதன்மேல் பாய் விரித்து வைத்திருக்கிறார். நைலான் கேட்டு யாராவது உட்கார்ந்தால், நான் பாயை விலக்குகிறேன்.