ரேடியோவைக் குறையுங்க!

சுனாமிக்கு அடுத்த வருடம். கல்முனைக் கடற்கரையில் இருந்த வீடு போய், எல்லோரும் தகரக் கொட்டில்களில் இருந்தோம். அடுத்த கொட்டிலில் இருந்த, நான் ராத்தா என்று கூப்பிடும் அக்காவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை. எனக்கு வாய் நீளம். அவரோ விடிந்ததிலிருந்து ரேடியோவை அலற விடுவார். "காது செவிடா ராத்தா?" என்று தகரத்தில் தட்டுவேன். வேண்டுமென்றே இன்னும் கூட்டுவார். அவருடைய மகனைக் கடல் கொண்டுபோனது தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ரேடியோவில் ஓர் எழுத்தாளரோடும் விமர்சகரோடும் நேரடி உரையாடல். எழுத்தாளரின் கதையில் அலை வரும்போது ஒரு தாய் பிள்ளையின் கையை விட்டுவிடுகிறாளாம். "நம்பவே முடியாது. எந்தத் தாயும் கையை விடமாட்டாள்" என்றார் விமர்சகர்.

மீன் கழுவிக்கொண்டிருந்த நான் சட்டியைத் தள்ளிவைத்தேன். நான் விட்டவள். என் ஆறு வயது மகள் சுனாமியன்று மாலை ஒரு பள்ளிக்கூட மாடியில் உயிரோடு கிடைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். அலை பறித்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், அவளுடைய வாப்பாவான என் கணவரிடமும். உண்மையில் தென்னையைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

என்ன வேகமோ, போனை எடுத்து, நிகழ்ச்சியில் சொன்ன நம்பருக்கு அடித்துவிட்டேன். லைனும் கிடைத்தது. ஆனால் காது கிழியும் கூச்சல்.

"சகோதரி, முதல்ல உங்க ரேடியோவைக் குறையுங்க" என்றார் அறிவிப்பாளர்.

என்னுடையதை நிறுத்தினேன். கூச்சல் நிற்கவில்லை. அக்கம்பக்கமெல்லாம் அதே நிகழ்ச்சிதான்!

"ராத்தா, நிப்பாட்டுங்க! நான் ரேடியோவில கதைக்கிறன்!" என்று கத்தினேன். அதுவும் நாடு முழுக்கக் கேட்டிருக்கும்.

வரிசையில் ஒவ்வொரு ரேடியோவாக அடங்கியது. கடைசியாக ராத்தாவுடையது. அடுத்த நிமிடம் வாசல் நிறையப் பெண்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஐயா, நான் உட்டன்" என்றேன் ஒருவழியாக. "என்ட புள்ளட கைய நான்தான் உட்டன். கதை எழுதினவர் பொய் சொல்லல்ல."

அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. விமர்சகர் என்ன பதில் சொன்னார்? ஒருவருக்கும் தெரியாது. எனக்காக எல்லா ரேடியோவையும் நிறுத்தியிருந்தார்களே! மறுபடி போட்டபோது பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மற்றவர்கள் போன பிறகும் ராத்தா போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் உட்டன் புள்ள" என்றார். "அதான் சத்தமாப் போடுறன். இல்லாட்டி அவன் கூப்பிடுறது கேக்கும்."

இரண்டு பேரும் அழுத அழுகையில், கழுவின மீனைப் பூனை கொண்டுபோனதைக்கூடக் கவனிக்கவில்லை. அன்றைக்கே மகளின் வாப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். "உயிரோட இருக்கியள் ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னார்.

யுத்தமும் முடிந்து, இப்போது வேறு வேறு வீட்டுத்திட்டங்களில் இருக்கிறோம். ராத்தா வாரம் தவறாமல் எனக்குப் போன் எடுப்பார். அவர் கதைக்கும்போது பின்னால் ரேடியோ மெதுவாக, மிக மெதுவாகத்தான் கேட்கும். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும், அன்று வாய் திறந்ததற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.