துரை சொன்ன ஷேக்கி

குளுவாங் கிளினிக்கில் என் வலது கையைத் தூக்கிப் பார்த்த டாக்டர், மகனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: ஷேக்கி.

ஏழு வயதில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கேட்ட சொல் அது. வெள்ளைக்கார துரை எங்கள் பலகைப் பாலத்தில் பூட்ஸை அழுத்தி, "ஷேக்கி" என்றார். "ஆடுதாம்," என்றார் துரையோடு வந்த ஆபீஸ் கணக்கர், கிராணி. மறுநாளே ஆசாரி வந்து, மரவாசனை போகாத புதுப் பலகை அடித்தார். ஆபீஸ் மேசையையும் துரை அப்படிச் சொன்னாராம். அதற்கும் ஆசாரி வந்தார்.

அப்புறம் ஒரு காலை, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் பால் வெட்டிய ரப்பர் மரத்தில், கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டை வரை இறங்கியிருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அப்பாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. துரை அந்தக் கையைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னார்.

நான் லயத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பா கைய சரிபண்ண நாளைக்கி ஆசாரி வருவாரு!"

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

மறுநாள் வாசலிலேயே காத்திருந்தேன். கங்காணிதான் வந்தார்.

"சாமான கட்டுங்க. வீட்ட வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

பாலத்துக்குச் சொன்ன அதே சொல்தானே? அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

கிளினிக்கில் மகனின் சட்டையை இழுத்தேன். "என்னடா சொல்றாரு?"

"கை கொஞ்சம் ஆடுதாம்மா. அவ்வளவுதான் லா."

"அப்ப யாருடா வருவாங்க? ஆசாரியா, கங்காணியா?"

மகன் டாக்டரைப் பார்த்தான்.