கடியப்பட்டணத்தில் மசக்கை

மசக்கை தொடங்கிய பிறகுதான் கடியப்பட்டணத்தில் மீன் வாடை இல்லாத இடமே கிடையாது என்பது பவுலினுக்குத் தெரிந்தது. முற்றத்தில் நெத்திலி காய்ந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் சாளை பொரிந்தது. சன்னலைச் சாத்தினால் கதவிடுக்கு வழியாக வந்தது. போதாக்குறைக்கு மாமியார் கிரேசியே மீன்காரி. விடிவதற்கு முன் கடற்கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, மற்ற பெண்களோடு ஆட்டோவில் திங்கள்சந்தைக்குப் போவாள். மத்தியானம் மீன் பாத்திரத்தோடு அவள் முன்வாசலில் நுழைந்தால், பவுலின் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுவாள்.

பவுலினுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல்லுக்கு வடக்கே. கடலே பாராமல் வளர்ந்தவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜான்ரோஸைப் பார்த்தாள். தன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று திருப்பூருக்கு வந்தவன் அவன். இருவரும் ஒரே மாதா கோவிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் சாதி வேறு. கல்யாணத்தோடு அவளுடைய அப்பா பேச்சை நிறுத்தினார். அடுத்த வருஷமே ஜான்ரோஸுக்கு மெஷின் சத்தத்தில் தூக்கம் போய்விட்டது. கடலுக்கே திரும்பினான். அவளும் கூட வந்தாள்.

வந்த அன்று கிரேசி கேட்ட முதல் கேள்வி, "வெள்ளம் வேணுமா மக்கா?" பவுலின் திகைத்துப்போய்க் கடல் பக்கம் பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள் என ஜான்ரோஸ் சிரித்தபடி விளக்கினான். இங்கே எல்லோரும் பாட்டுப் பாடுவதுபோல் பேசினார்கள், பாதி புரியவில்லை. மாமியாரை இங்கே மாமி என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அவள் வாயில் அத்தை என்றுதான் வந்தது.

உண்டாகியிருப்பது தெரிந்த வாரமே ஜான்ரோஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அவன் வேலை பார்த்த குளச்சல் படகு கொச்சிப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும். கரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அவன் பையை எடுத்தபோது அவள் அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்: "இந்த ஊர்ல என்னால பிள்ள பெக்க முடியாதுங்க. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க."

"இந்தத் தடவ போயிட்டு வாறேன் மக்கா. வந்து பேசுவோம்," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போனான்.

பகல் முழுவதும் குமட்டல். இருந்தாலும் சில நல்ல நேரங்கள் வாய்த்தன. சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனால் கடலிலிருந்து உப்புக்காற்று மட்டும் வீசும். ஊரின் வாடையெல்லாம் காலுக்குக் கீழே தங்கிவிடும். பக்கத்து வீட்டு டெல்சி மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்த கையோடு மாங்காயை அரிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி எடுத்துக்கொண்டு ஏறி வருவாள். விரல் நீளத்துக்கு மட்டி வாழைப்பழம் கொண்டுவந்தாள் ஒருநாள். அந்த மணம் பவுலினுக்குப் புதிது. வயிற்றில் தங்கிய முதல் உணவும் அதுதான். ஒரே மூச்சில் பாதிச் சீப்பைத் தின்றுவிட்டு வெட்கப்பட்டாள்.

ஒரு மத்தியானம் கிரேசி அயலைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது பவுலின் அடுக்களை வாசலிலேயே வாந்தி எடுத்தாள். "இந்த வாடை... கொஞ்ச நாளைக்கு வேணாமே அத்த," என்று மட்டும்தான் கேட்டாள். காலை முழுக்கச் சந்தையில் வெயில் தின்றுவிட்டு வந்திருந்த கிரேசிக்குச் சுருக்கென்று வந்தது.

"மீன்காரி வீட்டுல மீனு மணக்காம பிச்சிப்பூவா மணக்கும்? எனக்க மவனும் இதத் தின்னுதான் வளந்தான்."

அன்று பவுலின் சாப்பிடவில்லை. மறுநாள் காலை குளிக்கப் போனபோது பாவாடையில் இரத்தம் பட்டிருந்தது.

கிரேசி சந்தைக்குப் போயிருந்தாள். டெல்சிதான் ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பவுலின் இரண்டு கைகளாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பை தெரியுதும்மா. ரெட்டை. ஆனா ரெண்டுலயும் இன்னும் துடிப்பு தெரியல. நாள் கணக்கு முன்னப்பின்ன இருந்தாலும் இப்படி இருக்கும். பத்து நாள் கழிச்சு வந்து பாப்போம். அதுவரைக்கும் மாத்திரை போடுங்க, அலையாதீங்க."

"துடிப்பு வராமப் போனா?"

"அத அப்பப் பேசிக்கலாம்."

ரெட்டை என்று சந்தோஷப்படுவதா, துடிப்பில்லை என்று அழுவதா? இரண்டு செய்தியையும் ஒரே நேரத்தில் கேட்ட பவுலினுக்கு எதுவுமே வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கிரேசியிடம் டெல்சிதான் சொன்னாள். கிரேசி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். "ரெட்டையா?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு எழுந்து, அடுப்பில் இருந்த குழம்புச் சட்டியை அப்படியே தூக்கி டெல்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாளிலிருந்து கிரேசி சந்தையிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. டெல்சியின் கொல்லையில் குளித்து, சேலை மாற்றி, ஈரத்தலையோடு சோப்பு மணக்க வந்தாள். மீன் பாத்திரமும் அங்கேயே தங்கியது. வீட்டில் பருப்பும் தேங்காய்த் துவையலுமாகச் சமையல் மாறியது. மீனில்லாமல் கிரேசிக்குச் சோறு இறங்கவில்லை என்பது பவுலினுக்குத் தெரிந்தது. தட்டில் பிசைந்துகொண்டே இருப்பாள். ஒருநாள் எங்கிருந்தோ கம்பு மாவு வாங்கிவந்து கூழ் காய்ச்சினாள். கட்டி கட்டியாக, அடியும் பிடித்திருந்தது.

"ஒங்க ஊருல இப்படித்தான குடிப்பிய?"

"ஆமா அத்த," என்று பொய் சொல்லிவிட்டு பவுலின் மோர் விட்டுக் குடித்தாள். வயிறு அதைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆனால் மனசு அடங்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து பார்த்தாள். குமட்டல் சற்றுக் குறைந்தால் அதுவும் பயம், எல்லாம் முடிந்துவிட்டதோ? வாந்தி வந்தால் நிம்மதியாக இருந்தது. இடையில் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஜான்ரோஸ் கூப்பிட்டான். பின்னால் ஏலச் சத்தம். "சொகமா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." கிரேசி போனை வாங்கினாள், அவளும் சொல்லவில்லை. அன்று மாலையே படகு மறுபடியும் கடலேறுவதாக இருந்தது.

போனை வைத்ததும் பவுலின் உடைந்தாள். "நான்தான் அத்த காரணம். இந்த ஊர்ல பெக்க மாட்டேன்னு அவர்கிட்டச் சொன்னேன். என் வாயாலயே சொன்னேன். அதான் துடிப்பு வரல."

கிரேசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரத் தலையை உதறி முடிந்துகொண்டாள்.

"நீ சொன்னது பலிக்கும்னா, நான் கடலப் பாத்து நாலு மாசம் விளிச்ச விளிக்கு ஒனக்க மாமன் திரும்பி வந்திருக்கணும். வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு பெலம் கெடையாது மக்கா. பேடிக்காத, படு."

இரண்டாம் ஸ்கேனுக்குக் கிரேசி சந்தையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். இரத்தம் நின்றிருந்ததால் பஸ்ஸிலேயே போனார்கள். பவுலினுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. அம்மாண்டிவிளை தாண்டியதும் வயல், வாழைத்தோப்பு, தாமரை பூத்த குளம், தூரத்தில் மலை. மண்ணும் வைக்கோலும் மணக்கும் காற்றை அவள் வாய் திறந்து குடித்தாள். சொந்த ஊரைப்போல இருந்தது. கொஞ்ச நேரம் எதற்காகப் போகிறோம் என்பதையே மறந்திருந்தாள்.

இந்த முறை டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். கருப்புக்குள் ஒரு சிறு வெள்ளை, விட்டு விட்டு மின்னியது.

"இதுக்குத் துடிப்பு வந்திருச்சு. நல்லா இருக்கு."

"இன்னொண்ணு?"

"அது வளரலம்மா. தானாக் கரைஞ்சிரும், உடம்பே இழுத்துக்கும். உங்க தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னும் கொஞ்ச நாள் கவனமா இருக்கணும்."

வெளியே பெஞ்சில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த கிரேசி எழுந்தாள். பவுலின் ஒரு விரலைக் காட்டினாள். கிரேசி சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் அந்த ஒற்றை விரலைப் பார்த்தபடியே நின்றாள்.

பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேருக்கு நடுவே, பவுலின் தேம்பித் தேம்பி அழுதாள். கிரேசி அவளைத் தடுக்கவில்லை. ஆட்கள் பார்க்காதபடி முன்னால் மறைத்து நின்றுகொண்டாள்.

"அழணும்னா அழு. அது கழிஞ்சு வல்லதும் கொஞ்சம் தின்னணும், கேட்டியா?"

படகு மறுபடி கொச்சியை நெருங்கியதும், அடுத்த வாரம் ஜான்ரோஸின் அழைப்பு வந்தது. இரத்தம் பட்டதிலிருந்து எல்லாவற்றையும் பவுலின் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மறுமுனையில் படகு எஞ்சின் ஓடுவது மட்டும் கேட்டது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா நடுக்கடல்ல என்ன செஞ்சிருப்பீங்க?"

பிறகு அவன், "வந்ததும் திருப்பூருக்கே போயிருவோம். ஒனக்கு அதான இஷ்டம்?" என்றான்.

முன்பு இதைத்தான் கேட்டு அழுதாள். இப்போது ஆமென்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை.

"முதல்ல வாங்க. டாக்டரம்மா அலையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

கொல்லைப் பக்கமிருந்து கிரேசி வந்தாள். "என்ன பறஞ்சான்?"

"வரேன்னாங்க."

"எப்ப?"

"அதச் சொல்லல."

கிரேசி ஈரச் சேலையைக் கொடியில் விரித்துப் போட்டாள். பவுலினுக்கு அன்று பசித்தது. அடுக்களைக்குப் போய் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.