மருந்தடிக்கும் கைப்பிடியில் ஓடிய கார்

அடுத்து வரப்போகிற கேம் கன்சோலுக்குப் பட்டனே இல்லாத கன்ட்ரோலராம் என்று முதலில் ஒரு வதந்தி வந்தது. ரப்பர் பந்து மாதிரி அமுக்க வேண்டுமாம் என்றது அடுத்தது. மூச்சு விட்டால் கார் ஓடும் என்றுகூட ஒருவன் வீடியோ போட்டிருந்தான். எல்லாவற்றையும் நான் நம்பினேன். நம்பாமல் இருப்பதில் எனக்கு என்ன லாபம்?

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடைக்கு மேல்மாடியில் அண்ணன் கேம் கடை வைத்திருந்தான். இரண்டு டிவி, இரண்டு பழைய கன்சோல், ஒரு கம்ப்யூட்டர். தர்மபுரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த நான், சாயங்காலம் பஸ்ஸில் மாரண்டஹள்ளி வரைக்கும் போகாமல் அங்கேயே இறங்கிவிடுவேன். கடை மூடியதும் அண்ணன் வண்டியில் வீட்டுக்கு.

கடை ஓடவில்லை. பையன்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, அதிலேயே விளையாடிக்கொள்கிறார்கள். அப்பா தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி ஓசூரில் ஒரு கம்பெனியில் அண்ணனுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் கூட்டம் வராவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு ஓசூர் போகிறேன் என்று அண்ணனும் ஒத்துக்கொண்டான். அவன் ஒத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பேச்சுகூட எதிர்த்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் கசிந்தது. மங்கலான படம். வளைந்த ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாயின் அடியில் விரல் வைத்து அழுத்த ஒரு விசை. தூண்டில் என்றார்கள் வெளிநாட்டுக்காரர்கள்; ஊன்றுகோல் என்றான் ஒருவன். எங்கள் கடையில் படத்தைப் பார்த்த பையன்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"க்கா, இது மருந்தடிக்கிற ஸ்பிரேயர்தான?"

"அதான்டா. இடது கையில பம்பு, வலது கையில குழாய்."

சுற்றிலும் தக்காளித் தோட்டம். அதில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு வேறு எதுவாகவும் அது தெரியவில்லை. வேகத்துக்கு ஒரு கை, திசைக்கு ஒரு கை, எவ்வளவு அருமையான யோசனை என்று கம்பெனிக்காரன் சார்பில் நானே அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். கடைசியில் அண்ணனிடம் சொன்னேன், "ண்ணா, அது வர்றதுக்குள்ள நாமளே ஒண்ணு செஞ்சிடலாம்."

"வராத பொருளுக்கு டூப்ளிகேட்டா? நல்லாருக்கு போ."

"வந்தா, நாங்கதான் மொதல்ல செஞ்சோம்னு சொல்லிக்கலாம்ல?"

"யார்கிட்ட சொல்லுவ? ஓசூர் கம்பெனி வாட்ச்மேன்கிட்டயா?" என்றான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா பேட்டரி ஸ்பிரேயர் வாங்கியதிலிருந்து, பழைய கை ஸ்பிரேயர் மோட்டார் ரூமில் சும்மா கிடந்தது. சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவினேன். அம்மா முகர்ந்து பார்த்து, "இன்னும் நாத்தம் போவல" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் சரி என்ற பிறகுதான் வேலையை ஆரம்பித்தேன். பம்புக் கைப்பிடி திரும்பும் இடத்தில் ஒரு பழைய ரேடியோவின் வால்யூம் திருகு. குழாயில், சாய்வதைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன சென்சார். விசைக்கு உடைந்த மவுஸிலிருந்து எடுத்த சுவிட்ச். எல்லாம் ஒரு சர்க்யூட் போர்டில் சேர்ந்து, அங்கிருந்து ஒயர் கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டரிலிருந்து படம் டிவிக்கும் போயிற்று.

ரேஸ் கேமைப் போட்டேன். கார் ஓடியது. ஆனால் சப்பென்று இருந்தது. கைப்பிடியைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும், அதுபாட்டுக்கு ஓடும். பையன்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் தப்பு எங்கே என்று புரிந்தது. ஸ்பிரேயர் அப்படியா வேலை செய்யும்? அடிக்க அடிக்கத்தான் உள்ளே காற்று ஏறும், விட்டால் இறங்கும், வெறி பிடித்து அடித்தால் கைதான் வலிக்கும். புரோகிராமை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு அடிக்கும் வேகம் கொஞ்சம் ஏறும், சும்மா இருந்தால் தானாக இறங்கும், அளவுக்கு மேல் அடித்தால் ஏறாது. விசை பிரேக். அவ்வளவுதான். ஸ்பிரேயருக்கு உயிர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தோம். எங்கள் கடையில் யாராலும் ஜெயிக்க முடியாத பாலிடெக்னிக் பையன் ஒருவன் உண்டு. அவன் வந்து நின்றான்.

"க்கா, நீங்க வேணா ரெண்டு ரவுண்டு முன்னாடியே ஆரம்பிச்சுக்கங்க."

"மொதல்ல நீ போடா தம்பி."

முதல் ரவுண்டு பறந்தான். இரண்டாவதில் இடது கை துவண்டது. அதைவிட மோசம், இடது கை அடிக்கும்போதெல்லாம் வலது கையும் கூடவே ஆடியது. கார் குடிகாரன் மாதிரி ரோட்டை அளந்தது.

அடுத்து நான். லீவு நாளெல்லாம் தோட்டத்தில் மருந்தடித்தவள். இடது கை அதன்பாட்டுக்கு அடிக்கும், வலது கை சாலுக்குச் சால் போகும், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஒரே ஒரு சிக்கல். நடக்காமல் எனக்கு மருந்தடிக்க வராது. அதனால் டிவி முன்னால் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்து நடந்தேன். கடையே சிரித்தது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் நடந்துகொண்டே, ஒரு திருப்பத்தில்கூட இடிக்காமல், அந்தப் பையனின் நேரத்தை முறியடித்தேன்.

சிரிப்பு நின்றது. "நடந்தாதான் வரும் போல்ருக்குடா" என்றான் பாலிடெக்னிக். அதற்குப் பிறகு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒத்திகையாக நடக்க ஆரம்பித்தார்கள். கீழே இருந்து டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்: "மேல என்னாங்க பரேடா? டீயில சுண்ணாம்பு உளுது."

அந்த வாரம் கடையில் கூட்டம் குறையவில்லை. மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு வண்டிக்குக் காத்திருந்த ஆட்கள்கூட மாடியேறினார்கள்.

பிறகு கம்பெனி உண்மையான கன்ட்ரோலரைக் காட்டியது. வழக்கம்போல இரண்டு குச்சி, நாலு பட்டன். கசிந்த படம் யாரோ வரைந்த வேக்குவம் கிளீனர் கைப்பிடியாம். போட்டவனே ஒத்துக்கொண்டான். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று.

"அவ்ளோதான் பாப்பா. பொய்யின்னு தெரிஞ்சப்புறம் எவன் வருவான்?"

மறுநாளும் வந்தார்கள். வதந்தியைப் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை. தங்கள் டர்ன் எப்போது என்றுதான் கேட்டார்கள். உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்யாத ஒன்று பாலக்கோட்டில் ஒரு டீக்கடை மாடியில் இருக்கிறது, அதைச் செய்தது நான். இதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

மாசக் கடைசியில் அப்பா வந்தார். தக்காளி லோடு இறக்கிவிட்டு, வேட்டியில் மண்ணோடு மேலே ஏறி வந்து, வரிசையைப் பார்த்தார். தன் பழைய ஸ்பிரேயரைப் பார்த்தார். பையன்கள் வழிவிட்டார்கள். கைப்பிடியைப் பிடித்து, அவசரமே இல்லாமல் அடித்து, நின்ற இடத்திலேயே நடந்து, ஒரு ரவுண்டு முடித்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓசூர்காரருக்கு நானே போன் பண்ணி சொல்லிடறேன்," என்றார் அப்பா.

"என்னான்னுப்பா?"

"பையன் கடைய உட்டு வர மாட்டான்னு." குழாயை இன்னும் கீழே வைக்கவில்லை. "இன்னொரு ரவுண்டு போடு. அந்த வளைவுல கொஞ்சம் இடிச்சிட்டேன்."