அக்காவின் கண்ணீரும் என் தாம்பூலத் தட்டும்

தன் மகளை என் மகனுக்கு எடுக்கவில்லை என்ற வருத்தத்தில்தான் அக்கா அழுகிறாள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, சோறு இறங்காமல் நம்பினேன். வாளையாரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்பவன் நான். எத்தனையோ டிரைவர்களின் சோகக் கதைகளைக் கேட்டுச் சிரித்து அனுப்பிய நெஞ்சு இது. அக்காவின் கண்ணில் நாலு சொட்டைப் பார்த்ததும் நமுத்த அப்பளமாகிவிட்டது.

மலைமேல் இருக்கும் சக்குபள்ளத்திலிருந்து அவள் வந்து இறங்கிய காலை நன்றாக நினைவிருக்கிறது. மகனின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தை மாதம், கணவாய்க் காற்று மலை இடுக்கின் வழியே புகுந்து, காய வைத்த வேட்டியெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்துபோகிற பருவம். ஏலக்காய் மணக்கும் பையோடு பேருந்திலிருந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் இறங்கிற்று. முந்தானையால் ஒற்றிக்கொண்டே, "இளைச்சுட்டயேடா சாமி" என்றாள். அந்த மாதம்தான் என் சட்டைகளுக்குப் பொத்தான் எட்டாமல் போயிருந்தது. துக்கத்தை மறைக்கப் பொய் சொல்கிறாள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வேறு யாராவது அழுதிருந்தால் நான் இப்படி நடுங்கியிருக்க மாட்டேன். அக்கா அழுகிற ரகமே இல்லை. சிறு வயதில் மாட்டுச் சந்தையில் ஒரு காளை அவள் பாதத்தை மிதித்தது. நான் ஓவென்று அழுதேன். அவள் காளையைத் திட்டி, காளைக்காரனைத் திட்டி, கடைசியில் அழுததற்காக என்னையும் திட்டினாள். ஏலக்காய்த் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் புறப்பட்ட அன்று பெண்கள் அத்தனை பேரும் தேம்பிக்கொண்டிருக்க, மணப்பெண் மட்டும் வேன் டிரைவரிடம், "மசமசன்னு நிக்காதீங்க, இருட்டறதுக்குள்ள மலை ஏறோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவளுக்கே கண்ணீர் வருகிறது என்றால் அதற்குக் காரணம் எவ்வளவு பெரிய பாவியாக இருக்க வேண்டும்? கண்ணாடியில் பார்த்தேன். பாவி தெரிந்தான்.

எங்கள் பக்கத்தில் அக்கா மகள் என் மகனுக்கு முறைப்பெண். அந்த வழக்கத்தில் பெண் எடுப்பது இப்போது குறைந்துவிட்டது. ஆனாலும் வெளியே எடுப்பதென்றால் முதலில் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. என் மகன் தானே ஒரு பெண்ணைப் பார்த்து, தானே பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னவன். அந்த அதிர்ச்சியில் நான் அக்காவிடம் கேட்கவில்லை; ஃபோனில் முகூர்த்தத் தேதியை மட்டும் சொன்னேன். கூடப்பிறந்தவள் கண்ணீர் சிந்திய வீடு விளங்காது என்பார்கள். என் வீட்டிலோ அது வாசலிலும் கூடத்திலும் சிந்திக்கொண்டிருந்தது.

சாட்சியங்கள் வேறு பலமாக இருந்தன. மகன் பைக்கில் வாசலைக் கடந்தால் அக்காவுக்குக் கண்ணீர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துப் படித்தால் கண்ணீர். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மணப்பெண்ணின் படத்தைப் பார்த்தாள், அப்போதும் கண்ணீர். மச்சானுக்கு ஃபோன் போட்டேன். "இங்க இருக்கையில நல்லாத்தானப்பா இருந்தா. அங்க வந்தா அழுறா? நீ என்னத்தச் செஞ்ச?" என்றார் அவர். போலீஸ் கேட்டால்கூட நான் அவ்வளவு வியர்த்திருக்க மாட்டேன்.

"ஏனுங்க, நங்கையாகிட்டயே கேட்டுப்போடலாமில்லீங்க?" என்றாள் என் மனைவி. அக்காவை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"எரியற தீயில எண்ணெய ஊத்தச் சொல்றியா?"

"நீங்க ஊத்தவே வேண்டாமுங்க. நீங்க நடந்துக்கறதப் பாத்தாலே பத்திக்கும்."

நான் வேறு வழியில் பரிகாரம் தேடினேன். தார்ப்பாய் வாங்க வந்த டிரைவர்களிடமெல்லாம், "உங்க முதலாளிக்குக் கலியாண வயசுல பையன் இருக்குதுங்களா?" என்று அக்கா மகளுக்காக விசாரித்தேன். தார்ப்பாயோடு மாப்பிள்ளையும் கட்டித் தருகிற கடை என்று வாளையார் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

பந்தக்கால் நடும் நாளில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். வாசல் அடுப்பின் புகையைக் காற்று நேராக அக்காவின் முகத்துக்குக் கொண்டுபோனது. அவளுக்குத் தாரை தாரையாகக் கொட்டியது. இனித் தாங்காது என்று, தாம்பூலத் தட்டில் பட்டுச்சேலையை வைத்துக்கொண்டு போய் எல்லார் முன்னிலையிலும் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தேன். வயிறு முதலில் தரை தொட்டதால் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடினேன்.

"எந்திரிடா! இங்க ஆரு செத்துப்போனாங்கன்னு இப்புடி வுழுவற?"

"உங்க புள்ளைய எடுக்காதது தப்புத்தானுங்கக்கா. அழுவாதீங்கக்கா."

அக்கா ஈரக் கண்களோடு என்னைக் குனிந்து பார்த்தாள். "உன்ற பையனுக்கா? பொழுது உச்சிக்கு வந்தப்பறம் பல்லு வெளக்கறவனுக்கு என்ற புள்ளைய ஆருடா குடுக்கறேன்னா? நீ எங்க வந்து கேட்டுத் தொலைச்சுருவியோன்னு நானல்லோ பயந்துட்டுக் கெடந்தேன்!"

வாசலே குலுங்கச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது என் மனைவி. மகன் அப்போதுதான் எழுந்து வந்து, என்ன விசேஷம் என்று கேட்டான்.

அக்கா மட்டும் என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். "நான் அழுவலடா. அது தானா வருது. கண்ணுல மண்ணு வுழுந்தாப்பல உறுத்துது, எரியுது. சில நேரம் எல்லாம் மங்கிப்போகுது. கண்ணு போகுதுன்னுதான் நெனச்சேன். சொன்னா நீ கலியாண வேலையப் போட்டுட்டு ஆடுவே. பையன் தாலி கட்டறதப் பாத்துட்டா போதும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றாள். நான் நினைத்துப் பயந்தது வேறு; அவள் தனியாகச் சுமந்த பயம் வேறு.

மறுநாளே பாலக்காட்டில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, கீழிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவைத்துப் பார்த்தார். காகிதம் கொஞ்சம்தான் நனைந்தது. "கண் வறட்சி" என்றார்.

"வறட்சியா? டாக்டர், வாளி வெச்சுப் புடிக்கலாம்போலக் கொட்டுதுங்க!"

அவர் பொறுமையாக விளக்கினார். புருவத்தின் வெளிப்பக்கம், எலும்புக்கு அடியில், வாதாம் பருப்பு அளவில் ஒரு கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. கண்ணை நாள் முழுக்க நனைத்துவைக்கிற நீர் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது. வயதானால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அழற்சியும் சேர்ந்துகொண்டால் சுரக்கிற பகுதி கெட்டு, நீர் குறையும். கண் காய்ந்ததும் எரியும். எரிந்ததும் நரம்பு அபாயச் சங்கு ஊதும். சுரப்பி பதறிப்போய், மிச்சமிருக்கும் பலத்தையெல்லாம் திரட்டி ஒரேயடியாகக் கொட்டும். அது கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். காற்றும் புகையும் விசிறியும் இதைக் கூட்டும். ஈரப் பனி மூடிய சக்குபள்ளத்தில் அடங்கிக் கிடந்தது எங்கள் ஊர்க் காற்றில் ஏன் கிளம்பியது என்று அப்போதுதான் புரிந்தது. காரணமில்லாமல் பதறிக் கொட்டுகிற அந்தச் சுரப்பியின் குணம் எனக்கு மிகவும் பரிச்சயமானதாக இருந்தது. அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். என்னைப் பார்த்து, "நம்ம குடும்பத்துச் சுரப்பியாச்சே" என்றாள்.

வாய் வறள்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்றும் டாக்டரம்மா கேட்டார். உடம்பே தன் சுரப்பிகளைத் தாக்குகிற நோய் ஒன்று உண்டாம். இரத்தப் பரிசோதனையில் அப்படி எதுவும் இல்லை. கண்ணை நனைக்க ஒரு சொட்டு மருந்து, அழற்சியைத் தணிக்க இன்னொன்று. இரண்டாவது வேலை செய்யச் சில மாதம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். என் கண்ணும் எரிவதுபோல் இருக்கிறதே என்று நான் நாற்காலியை முன்னே இழுத்தேன். அதையும் பார்த்துவிட்டு, "உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. பயம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு அவள் காற்றை மறைக்கிற பெரிய கறுப்புக் கண்ணாடியும், நான் தட்டில் வைத்த அதே பட்டுச்சேலையுமாக வந்தாள். இது ஆரு, சினிமாவில் இருந்து வந்த ஒறம்பரையா, எந்த வழிச் சொந்தம் என்று பெண் வீட்டார் விசாரித்தார்கள். மேளம் உயர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றி, சொட்டு மருந்தை விட்டு, இரண்டு முறை இமைத்துக்கொண்டாள். என் மகன் தாலி கட்டினான். அக்கா அதைத் தெளிவாகப் பார்த்தாள்.