எட்டு அங்குலச் சில்லு

அந்தக் கார்ச் சில்லு பொருந்தாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பொருந்தும் என்று சொன்னேன். என் தங்கையின் புருஷனிடம் சொன்னேன். பொறாமையில் சொன்னேன்.

இவ்வளவுதான் குற்றம். இது போதும் என்றால் நீங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்த முடியாமல்தான் எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டிலிருந்து லண்டன் பிளேஸ்டோவில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிறேன். போன் எடுப்பேன், பில் எழுதுவேன், சாமான் வரவழைப்பேன். காரின் பெயரையும் வருடத்தையும் சொன்னால் போதும், அதற்கு என்ன சில்லு, அந்தச் சக்கரத்துக்கு என்ன டயர், எவ்வளவு பாரம் தாங்கும் என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். வீட்டில் இது யாருக்கும் தெரியாது. என் புருஷன் வேலையால் வந்தால் "தேத்தண்ணி" என்பார். பிறகு டிவிக்கு முன்னால் இருந்துவிடுவார். அவர் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி, உப்பு எங்கே என்பதுதான்.

தங்கை சுகந்தியும் அவள் புருஷன் யோகனும் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார்கள். யோகன் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். லண்டனில் அவருக்குக் கிடைத்தது பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட். ஒருநாள், யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கொட்டிலில் ஓடாமல் கிடந்த அமெரிக்கக் காரை வாங்கிக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அறுபதுகளில் செய்த கார். பத்தொன்பது அடி! இரண்டு வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றது. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். அதைத் திருத்தி எங்கள் ஆட்களின் கல்யாணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்கும் வாடகைக்கு ஓட வேண்டும், பெற்றோல் ஸ்டேஷனை விட்டுவிட வேண்டும் என்பது இருவருடைய திட்டம்.

இரண்டு குளிர்காலம் அதற்குக் கீழே கிடந்தார். பின்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஒவ்வொரு தகடாகத் தன் கையாலேயே திருத்திப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுகந்தி பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். அவர் கிறீஸ் விரலால் அவள் மூக்கில் ஒரு பொட்டு வைப்பார். அவள் கத்துவாள். பிறகு இருவரும் சிரிப்பார்கள்...

நான் என் ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

அவளை ஊரிலிருந்து இங்கே எடுப்பிக்க அலைந்தவள் நான். அவளுக்கு முதல் கோட் வாங்கிக் கொடுத்தவள் நான். அவள் சிரிக்க, நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? எனக்கு அந்தக் கார் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிரிப்பு நின்றால் போதும் என்றிருந்தது. எவ்வளவு சின்னப் புத்தி! எழுதும்போது எனக்கே கூசுகிறது.

கார் ஓடத் தயாரானபோது பழைய சில்லு நாலும் துருவேறி உக்கிப்போயிருந்தன. இருவரும் கடைக்கு வந்தார்கள்.

"மச்சாள், என்ன சில்லு, என்ன ரயர் போடுறதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். எங்கட ஆக்களுக்குள்ள உங்களுக்குத்தான் இது தெரியும்" என்றார் யோகன்.

அதற்கு முன்னால் எங்கள் சனத்தில் எந்த மனிதரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் ஒருவர்தான் கேட்டார். அவருக்குத்தான் நான் பொய் சொன்னேன்.

இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று, ஆறு அங்குல அகலமான சாதாரண இரும்புச் சில்லு. அதற்கு மேல் பெரிய மூடி, வெள்ளைக் கோடு போட்ட உயரமான டயர். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது அப்படித்தான். மற்றது எட்டு அங்குலம், பளபளவென்று வெள்ளிப் பூச்சு, அகலமான டயர்.

"எனக்கு மனம் ஆறு அங்குலத்திலதான் நிக்குது மச்சாள். வயசு போன மனிசிக்கு லிப்ஸ்டிக் பூசினமாதிரி இருக்கக்கூடாதெல்லே" என்றார் யோகன்.

"நீங்கள் எனக்கே லிப்ஸ்டிக் வாங்கித் தரேல்ல, காருக்கு எங்க வாங்கப் போறியள்!" என்றாள் சுகந்தி. மறுபடி அந்தச் சிரிப்பு. என் கண்ணுக்கு முன்னால்.

அமெரிக்கக் கார் எங்கள் கடைக்கு வருவதில்லை, அதன் கணக்கு எனக்கும் நிச்சயமில்லை. அமெரிக்கச் சாமான் இறக்குமதி செய்கிற ஒரு வெள்ளைக்காரருக்குப் போன் பண்ணினேன். யோகனுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. போனில் பேசினால் ஒன்றும் பிடிபடாது. சுகந்திக்கும் அப்படித்தான். என் வாயைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள்.

அந்த ஆள் தெளிவாகச் சொன்னார். வெறும் காருக்கு எட்டு அங்குலம் சரி. பின்னால் மூன்று பேர் ஏறினால் கார் பதியும். டயர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதால் சில்லுக்கு மேலே வளைந்திருக்கிற மட்காட்டின் விளிம்பு டயரை அறுக்கும். ஆட்களை ஏற்றுகிற காருக்கு ஆறு அங்குலம்தான் என்றார்.

நான் போனை வைத்தேன்.

"என்னவாம் மச்சாள்?"

"எட்டு அங்குலம் நல்லாப் பொருந்துமாம். வடிவாவும் இருக்குமாம்."

"பாரம் ஏத்தினாலும்?"

"ஓம்."

யோசிக்க நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது...

சில்லைப் பூட்டிவிட்டு இருவரும் தெருத்தெருவாக ஓடிப் பார்த்தார்கள். இரண்டு பேர்தானே! உரசவில்லை.

ஆவணியில் முதல் கல்யாணம். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். காருக்குள் மாப்பிள்ளை, தோழன், தாய், தகப்பன், ஒரு மாமி. யோகன் புதுச் சூட் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். கார் வாசலுக்குத் திரும்ப முதலே எனக்கு ரப்பர் கருகும் நாற்றம் வந்துவிட்டது. பிறகு புகை. பிறகு பின் டயர் வெடித்தது.

ஒருவருக்கும் காயம் இல்லை. மாப்பிள்ளை தலைப்பாகையோடு இறங்கி, பஸ் ஸ்டொப்பில் நின்ற சனம் வாய்பார்க்க, நடந்தே வந்தார்.

"தாலி கட்ட முன்னம் என்ர பிள்ளை ஏறின கார் வெடிக்குதே! எந்த மூதேவி இதைக் கொண்டந்தது?" என்று தாய்க்காரி கத்தினாள்.

அந்த ஒரு சொல் போதும். எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். அபசகுனக் கார் என்ற பேச்சு ஒரு கிழமைக்குள் லண்டனின் மறுகோடியில் இருக்கும் ஹரோ வரைக்கும் போய்விட்டது. சொல்லி வைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போயின.

யோகன் புதுச் சூட்டோடு தெருவில் முழங்காலில் இருந்து, மட்காட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "நான் போட்ட ஸ்பிரிங்தான் பதிஞ்சு போச்சு" என்றார். மூன்று தடவை கழற்றி மூன்று தடவை பூட்டினார். பிழை எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் என்னிடம் வந்தார்.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. அந்த ஆள் பாரத்தோடயும் சரி எண்டுதானே சொன்னவர்?"

"ஓம், சொன்னவர்."

இரண்டாவது தடவை! முதல் தடவைக்குப் பொறாமை என்று பெயர் சொல்லலாம். இதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

சுகந்தி புருஷனை என் முன்னாலேயே திட்டினாள். "ஊர்க் கராஜ் எண்டு நினைச்சியளோ? உங்கட கையை நம்பித்தானே நாங்கள் இந்தக் கெதிக்கு வந்தது!" என்றாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

காரை ஓர் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அவர் எங்கள் கடைக்கே வந்து ஆறு அங்குலச் சில்லுக்கு ஓர்டர் கொடுத்தார். "இந்த ஸ்பிரிங் வேலை செய்தவன் கெட்டிக்காரன், இப்படி ஒரு கையை நான் கண்டதில்லை" என்றார். நான் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். அந்தப் பாராட்டு யோகனுக்கு உரியது. இன்றுவரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடங்கள். போன மாதம் யோகன் கடைக்கு வந்தார். சின்ன ஜப்பான் கார். காற்றுப்போன சில்லோடு மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்பெயர் சில்லு பின்னால்தான் கிடந்தது.

"ஏன் மாத்திப் போடேல்ல?" என்றேன்.

"ஏன் வீண் சோலி மச்சாள்? என்ர கை ராசியில்லாத கை. உங்கட பெடியனைக் கொண்டு மாத்துவியுங்கோ. என்ன ரயர் எண்டும் நீங்களே சொல்லுங்கோ, எனக்கு உதுகள் விளங்காது."

அவருக்கு விளங்காது! இரண்டு தொன் காரைத் தன் கையால் எழுப்பி நிறுத்திய மனிதருக்கு!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடைக்குள் வேறு ஆள் இல்லை, வேலைக்கு நிற்கிற பெடியனும் வெளியே நின்றான். சொன்னால் சுகந்தி என் உறவையே வெட்டிவிடுவாள் என்ற பயம் ஒரு காரணம். அதைவிடக் கேவலமான காரணம் இன்னொன்று இருக்கிறது. சொன்னால் அவர்கள் இருவரும் பழையபடி சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்... நான் மறுபடியும் ஜன்னலில் நிற்க வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை என்னால் தாங்க ஏலாது.

நல்ல டயராகத்தான் எடுத்துக் கொடுத்தேன். பெடியன் பூட்டி முடிக்கும்வரை யோகன் கோட் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு தள்ளி நின்றார். போகும்போது, "நீங்கள் இருக்கிறபடியால் எனக்கு ஒரு யோசினையும் இல்லை மச்சாள்" என்றார்.

நான் ஓம் என்றேன்.